வாசல் எண் 8080

கோர்ச்சாவில் அக்டோபரிலேயே
விறகுப்புகை நூலகத்துக்குள் ஏறி வந்துவிடுகிறது.
வாசகர்கள் தேடும் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டு
இரண்டு வருடம் ஆயிற்று.
ஊழியர்களின் பக்கத்தை யாரும் நினைக்கவில்லை.
எட்டாயிரத்து எண்பதாம் வாசலில்
அது பனியனோடு நின்றுகொண்டிருந்தது,
தெரு பார்க்க.

"உள்ளேதானே இருக்கிறோம்,
நம்மை யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றாள் துராதா.
நான் என் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினேன்.
"வழக்கம்போல் உள்ளே போங்கள்."

போனாள்.
அவள் கடவுச்சொல் என் திரையில் வந்து விழுந்தது,
தோல்கூட உரியாமல்,
முழுசாக.
ஒரு பழத்தின் பெயர், கூடவே ஓர் ஆண்டு.
இருவருமே கொஞ்ச நேரம்
அச்சுப்பொறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குள் அடுத்த வரிகள் வந்துவிட்டன:
ஃப்ளுத்துரா, அட்டை எண் 2217,
மார்புக் கட்டிகள் பற்றிய கையேடு,
இரண்டாம் முறை நீட்டிப்பு.

துராதா திரையைக் கையால் மறைத்தாள்.
"நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்
மாதத்துக்கு ஒருமுறை ஒருத்தன் வருவான்.
இரவல் அட்டைகளைப் புரட்டிவிட்டுப் போவான்.
நான்தான் காபி போடுவேன்.
சர்க்கரை இரண்டு."
பகலில் பக்கம் பார்த்துப் பேசிய ஊர்.
இரவில் அதுவும் பேசாத ஊர்.
இப்போது அவன் வர வேண்டியதே இல்லை,
கம்பி வழியே காபிகூடக் கேட்காமல்
எடுத்துக்கொண்டு போகலாம்
என்பதை நான் சொல்லவில்லை.
அவள் கை இன்னும் திரைமேல் இருந்தது.

சான்றிதழ் வேண்டுமென்றால்
நீ நீதான் என்று காட்ட வேண்டும்.
தொலைதூரத்துக் கணினி ஒன்று கேட்கிறது:
நான் தரும் சொல்லை உன் வீட்டில்
இந்த மூலையில் வை,
நானே வந்து எடுத்துப் படிக்கிறேன்.
வைத்தேன். வந்தது.
எண்பதாம் வாசல் சாத்தியிருந்தது. திரும்பிப் போய்விட்டது.
திறக்க வேண்டிய பெத்ராச்
நகராட்சியில் இல்லை, மலையில் இருந்தான்,
காளான் பறிக்க.

மூன்று மணிக்கு வந்தான், சேற்றுக் காலணியோடு.
வாசல் திறந்தது. சொல்லைப் படித்தார்கள்.
சான்றிதழ் வந்தது: தொண்ணூறு நாள் ஆயுள்.
பழைய எண்ணுக்கு வருபவர்களை
புதிய வாசலுக்கு அனுப்பச் சொன்னேன்.
புதியது பழையதற்கு அனுப்பியது.
பழையது புதியதற்கு.
அரசு அலுவலகம் மாதிரியே இருக்கிறது என்றான் பெத்ராச்,
அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன்.

ஒரு வரியை மாற்றினேன், நின்றது.
ஆனாலும் பூட்டு முழுதாய் விழவில்லை.
எல்லாம் சரி, எங்கோ ஏதோ ஒன்று
இன்னும் திறந்த வழியில் வருகிறது.
ஒரு மணி நேரம் துழாவினேன்.
தலைப்பில் இருந்த படம்:
நூலகக் கட்டடம், திறப்பு விழா,
தொப்பியும் மீசையுமாய்ப் பதினோரு பேர்.
யாரோ எப்போதோ
பழைய முகவரியைக் கொடுத்து மாட்டியிருக்கிறார்கள்.
பதினோரு பேரையும் உள்ளே அழைத்தேன்.
பூட்டு விழுந்தது.

துராதா கடவுச்சொல்லை மாற்ற உட்கார்ந்தாள்.
நான் கேட்காமலே ஜன்னலுக்குப் போனேன்.
வெகுநேரம் யோசித்தாள்.
விசைகள் எத்தனை என்று எண்ணாமலிருக்க
எதிர்வீட்டுப் புகைபோக்கிகளை எண்ணினேன்.

மறுநாள் ஃப்ளுத்துரா வந்தாள்,
நீலக் கழுத்துத்துணி, ஈரக் குடை.
வருடி பீப் என்றது.
ஒற்றுக்கேட்கும் என் திரையில்
கூழ். வெறும் கூழ்.
கையேட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.
வேறொன்றை எடுத்துப் போனாள்.
என்னவென்று எனக்குத் தெரியாது.

நாள்காட்டியில் ஜனவரியைச் சுழித்துவிட்டு
முதல்நாள் பதிவை அழித்தேன்,
குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.
மிச்சம் அந்தப் பழம்தான்.
சந்தையில் கூடையோடு கண்டால்
இன்றைக்கும் தலையைத்
திருப்பிக்கொள்கிறேன்.